பரிணாமம் சந்தைக்குச் சாட்சி சொல்லுமா?

கேள்வி: "இயற்கைத் தேர்வு யாருடைய திட்டமும் இல்லாமல் உயிர்களைச் செதுக்கியது. சந்தையும் அதேபோல யாருடைய திட்டமும் இல்லாமல் பொருளாதாரத்தைச் செதுக்குகிறது. ஆகவே அரசு ஒதுங்கி நிற்பதே அறிவியலுக்கு ஒத்த வழி என்று லிபர்டேரியன் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். இது தேறுமா?"

பாதி தேறும். அந்தப் பாதி லேசானதல்ல. சந்தை என்றாலே முகம் சுளிப்பவர்களும் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆனால் "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் முடிவைப் பரிணாமம் தாங்காது. நான் கல்லூரியில் பல ஆண்டுகள் பரிணாமம் கற்பித்தவன். டார்வினை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லிபர்டேரியன் என்றால் யார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தனிமனித உரிமை, சொத்து, ஒப்பந்தம் ஆகியவற்றைக் காப்பதோடு அரசின் வேலை முடிந்தது, மற்றதையெல்லாம் மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளட்டும் என்பவர். அவர்களுக்குள்ளும் பல வகை உண்டு. இங்கே நமக்கு வேண்டியவர்கள், இந்தக் கொள்கைக்கு உயிரியலிலிருந்து ஆதாரம் திரட்டுபவர்கள்.

முதலில் அவர்களுடைய வலுவான பக்கம். 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு வாதத்தை முன்வைத்தார். வழியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கண்ணும் சிறகும் கடிகாரத்தைவிட நுட்பமானவை. ஆகவே அவற்றைச் செய்தவரும் இருந்தே ஆக வேண்டும். 1859இல் டார்வின் எழுதிய நூல் இந்த வாதத்தை வேரோடு சாய்த்தது. சிறுசிறு மாறுபாடுகள், அவற்றில் சில பிழைப்பது, பிழைத்தவை பெருகுவது என்ற மூன்றும் சேர்ந்தால், செய்தவர் இல்லாமலே கண் உருவாகும். மேலே ஒருவர் உட்கார்ந்து வரைபடம் போட்டால்தான் ஒழுங்கு பிறக்கும் என்ற நம் பழக்கமான எண்ணம் அன்றைக்குத் தகர்ந்தது.

பொருளாதாரத்தில் அதற்கு இணையான வேலையைச் செய்தவர் வியன்னாவில் பிறந்த பிரீட்ரிக் ஹாயெக். 1945இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று தகரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. உலகில் எங்கோ ஒரு சுரங்கம் அடைபட்டுவிட்டது, அல்லது தகரத்துக்குப் புதிய பயன் ஒன்று முளைத்துவிட்டது. இரண்டில் எது நடந்தது என்பது தகரத்தைப் பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறுகிறது, அவர் சிக்கனமாகச் செலவிடுகிறார். கோடிக்கணக்கானவர்களின் தலைகளில் சிதறிக் கிடக்கும் அறிவை ஒரே எண் சுமந்து செல்கிறது. எந்தத் திட்டக் குழுவும் அந்த அறிவை ஓரிடத்தில் குவிக்க முடியாது. கடந்த நூற்றாண்டின் பொருளாதாரச் சிந்தனைகளில் மிகச் சிறந்தவற்றுள் இதுவும் ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன்.

"சந்தை மனிதனின் கண்டுபிடிப்பு, இயற்கைக்கு அது அந்நியம்" என்பவர்களுக்கும் உயிரியலில் பதில் உண்டு. பவளத்திட்டுகளில் வாழும் துப்புரவு மீனைப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். நீல உடலில் முகத்திலிருந்து வால் வரை ஒரு கறுப்புப் பட்டை. நம் மன்னார் வளைகுடாவிலும் இது உண்டு. திட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கடை விரிக்கிறது. பெரிய மீன்கள் வந்து, வாயையும் செவுளையும் திறந்துகொண்டு அசையாமல் நிற்கின்றன. இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்கிறது. ஒரு நாளில் 2,000 தடவைக்கு மேல்கூட இந்த வேலை நடக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துப்புரவு மீனுக்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் தோல்மேல் படிந்திருக்கும் கோழைதான் அதிகம் பிடிக்கும். அதைக் கடித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். அப்படிக் கடிபட்ட மீன் வெடுக்கென்று துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கெடுத்தே ஆய்வாளர்கள் ஏமாற்றை அளக்கிறார்கள். செங்கடலில் இதை நெடுங்காலம் கவனித்தவர் ரெதுவான் ப்ஷாரி. அவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கண்டது இது. பரந்த எல்லையில் திரிந்து பல கடைகளுக்குப் போகக்கூடிய மீன் வந்தால், துப்புரவு மீன் அதை முதலில் கவனிக்கும், ஒழுங்காகவும் நடந்துகொள்ளும். அந்த ஒரே திட்டில் வாழும், வேறு கடைக்குப் போக வழியில்லாத மீனைக் காத்திருக்க வைக்கும். கடித்தால் திருப்பித் தின்றுவிடக்கூடிய வேட்டை மீனிடம் அநேகமாக வாலாட்டுவதே இல்லை. பக்கத்தில் அடுத்த வாடிக்கையாளர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் யோக்கியமாக நடந்துகொள்ளும். திட்டைவிட்டுப் போக முடியாத மீனும் சும்மா இருப்பதில்லை. தன்னைக் கடித்ததைத் துரத்தித் துரத்தி விரட்டுகிறது. விரட்டு வாங்கியது அடுத்த முறை அடக்கமாக இருக்கிறது.

ரொனால்டு நோயே, பீட்டர் ஹாமர்ஸ்டைன் என்ற உயிரியலாளர்கள் 1990களில் இத்தகைய உறவுகளுக்கு "உயிரியல் சந்தை" என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் நண்பர் இந்த மீனை மேற்கோள் காட்டினால் தலையசையுங்கள். அதோடு முழு மீனையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே நேர்மையைத் தருவது "போட்டி" என்ற ஒற்றைச் சொல் அல்ல. வேறு இடம் போக வழி, ஏமாற்றினால் அடி, பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்ற மூன்றும் சேர்ந்து தருகின்றன. மூன்றும் இல்லாத இடத்தில் அதே மீன் தயங்காமல் கடிக்கிறது. ஊருக்கு ஒரே மருத்துவமனை இருந்து, நள்ளிரவில் நெஞ்சுவலியோடு போய் நிற்பவர் எந்த மீனின் நிலையில் இருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தால், கட்டுப்பாடு என்ற சொல் ஏன் தோன்றியது என்பதும் விளங்கும்.

இந்த வாதத்தில் ஒரு வட்டமும் இருக்கிறது. டார்வினுக்கு இயற்கைத் தேர்வு பிடிபட்டது 1838இல், மால்தஸ் மக்கள்தொகை பற்றி எழுதிய நூலைப் படித்தபோது. மால்தஸ் பொருளாதாரம் எழுதியவர். ஆடம் ஸ்மித்தின் சிந்தனை டார்வினிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைப் பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் விரிவாகவே பேசியிருக்கிறார். ஆக, சந்தையைப் பற்றிய ஒரு படம் உயிரியலுக்குப் போனது. அங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, "பாருங்கள், இயற்கையே சந்தைதான்" என்கிறது. இந்த வட்டத்தை எங்கெல்ஸ் 1875இல் ஒரு கடிதத்திலேயே சுட்டிக்காட்டிவிட்டார். இதனால் டார்வின் தவறாகிவிடவில்லை. அவர் குவித்த சான்றுகள் தனியே நிற்கின்றன. ஆனால் கடன் வாங்கியதைக் கொடுத்தவரிடமே ஆதாரமாகக் காட்ட முடியாது.

வரலாற்றையும் மறந்துவிடக் கூடாது. "தகுதியுள்ளது பிழைக்கும்" என்ற தொடர் டார்வினுடையது அல்ல. 1864இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கியது. அதைத் தம் நூலில் டார்வின் சேர்த்துக்கொண்டது 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். ஸ்பென்சர் அரசுத் தலையீட்டை அடியோடு எதிர்த்தவர். பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: அவருடைய பரிணாமத்தின் அடித்தளம் லாமார்க்கின் கருத்து. ஒருவர் வாழ்நாளில் முயன்று பெற்ற திறன் பிள்ளைக்கு இறங்கும் என்று அவர் நம்பினார். கஷ்டப்பட்டால் இனம் மேம்படும், உதவினால் சீரழியும் என்ற அவருடைய முடிவு பெருமளவு அந்த நம்பிக்கையின் மேல் நின்றது. அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது.

அமெரிக்காவில் அவர் பெயர் நீதிமன்றம் வரை போனது. ரொட்டிக்கடைத் தொழிலாளிகள் நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1905இல் அதை ரத்து செய்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், ஸ்பென்சரின் நூலை அரசியல் சட்டம் சட்டமாக்கவில்லை என்று நூலின் பெயரைச் சொல்லியே எழுதினார். இன்னொரு பக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். ஸ்பென்சர் ஏகாதிபத்தியத்தையும் வெறுத்தவர். லண்டனில் இந்திய மாணவர்களுக்காக இந்தியா ஹவுஸ் என்ற விடுதியை நிறுவிய விடுதலை வீரர் சியாம்ஜி கிருஷ்ணவர்மா தம் பத்திரிகையின் முகப்பிலேயே ஸ்பென்சரின் வாசகங்களைப் போட்டார். அரசை நம்பாதே என்ற அறிவுரை, அடிமை நாட்டில் படிப்பவனுக்கு வேறு மாதிரி ஒலிக்கும்.

இனி போட்டி பற்றி. போட்டியில் வென்றது எல்லாருக்கும் நல்லது என்று பரிணாமம் எங்கேயும் சொல்லவில்லை. எல்க் மானின் கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஃபிராங்க் 2011இல் வெளியிட்ட நூலில் இதை மையமாக்கினார். ஆண் எல்க்கின் கொம்பு ஒரு மீட்டருக்கு மேல் அகன்று விரியும். ஓநாய் துரத்தும்போது அடர்ந்த காட்டில் அந்தக் கொம்பே எமனாகும். இருந்தும் வளர்க்கிறது. கொம்பு சிறுத்தால் மற்ற ஆண்களோடு மோதித் தோற்கும், பெண் கிடைக்காது, வம்சம் நிற்கும். எல்லா ஆண்களின் கொம்பும் பாதியாகக் குறைந்தால் வெற்றி தோல்வி வரிசை அப்படியே இருக்கும், ஒவ்வொன்றும் ஓநாயிடமிருந்து தப்பும். ஆனால் மான்கள் கூடிப் பேசி ஒப்பந்தம் போட முடியாது.

நம்மால் முடியும். நுழைவுத் தேர்வுப் பயிற்சியைப் பாருங்கள். பயிற்சியால் இடங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வருடம் போனால் நம் பிள்ளை இரண்டு வருடம். எல்லாரும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பிறகும் வரிசையில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. ஒவ்வொரு பெற்றோரும் எடுத்தது அறிவார்ந்த முடிவுதான்; எல்லாரும் சேர்ந்து நிற்கும் இடம் அறிவீனம். டார்வினைச் சரியாகப் படித்தவர் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். சிறுத்தை வேகமாக ஓடினால் மொத்தச் சிறுத்தை இனத்துக்கும் நல்லது. கொம்பு வளர்ந்தால் தனி மானுக்கு லாபம், மந்தைக்கு நஷ்டம். ஆளாளுக்குத் தன் லாபத்தைத் தேடினாலே ஊருக்கும் நன்மை விளையும் என்பதை ஸ்மித் கண்ணுக்குத் தெரியாத கை என்றார்; அந்தக் கை முதல் வகையில் வேலை செய்கிறது, இரண்டாம் வகையில் செய்வதில்லை. எந்தத் தொழில் எந்த வகை என்பதைத் தொழில் தொழிலாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னும் நெருக்கமான உதாரணம் கோழி. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அலகு வெட்டுவது தெரிந்திருக்கும். கூண்டுக்குள் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடாமல் இருக்கக் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைக் கருக்கிவிடுவார்கள். இந்த மூர்க்கத்தில் இனப்பெருக்க முறைக்கும் பங்கு உண்டு. அதிகம் முட்டையிடும் தனிக் கோழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பக்கத்துக் கோழியை மிரட்டித் தீனியைப் பிடுங்கும் கோழியும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் முயர் இதைத் திருப்பிப் போட்டார். தனிக் கோழியைப் பார்க்காமல் கூண்டு மொத்தமாக எவ்வளவு முட்டை தருகிறது என்று பார்த்து, நல்ல கூண்டுகளின் கோழிகளை மட்டும் பெருக்கினார். அலகு வெட்டவில்லை. 1996இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த இறப்பு நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாகக் குறைந்தது. கோழி ஒன்றுக்கு 91 முட்டை என்பது 237 ஆனது. தனித் திறமையை மட்டும் அளந்து பரிசளித்தால் மொத்த விளைச்சல் எப்படிப் படுத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் வகுப்பில் நடத்தியதில்லை.

"அப்படியானால் நிறுவனங்களுக்கு இடையே போட்டி இருக்கட்டும், உள்ளே ஒற்றுமையாக இருக்கும் நிறுவனம் வெல்லும்" என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். நல்ல பதில். ஹாயெக் தம் கடைசிக் காலத்தில் போய்ச் சேர்ந்த இடமும் அதற்குப் பக்கத்தில்தான். 1988இல் வந்த அவருடைய கடைசி நூலின் வாதத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சந்தை நம் இயல்பூக்கத்திலிருந்து பிறந்தது என்று அவர் சொல்லவில்லை. மனித மனம் சிறு கூட்டங்களில் உருவானது. முகம் தெரிந்தவர்களோடு பங்கிட்டு வாழும் மனம் அது. முகமறியாதவரோடு ஒப்பந்தம், தனிச்சொத்து, வட்டி எல்லாம் அந்த மனத்துக்கு உறுத்தும். அந்த விதிகளைத் தற்செயலாகக் கைக்கொண்ட கூட்டங்கள் பெருகின, மற்றவை மங்கின, விதிகள் பரவின என்பது அவர் கருத்து. அதாவது சந்தை இயல்பூக்கத்துக்கு எதிராகவே வளர்ந்தது. "சந்தை நம் ரத்தத்தில் இருக்கிறது" என்பவரும் "சந்தை நம் ரத்தத்துக்கு எதிரானது" என்பவரும் ஒரே முடிவுக்கு வந்தால், அந்த முடிவைத் தருவது உயிரியலா என்று நாம் கேட்க வேண்டாமா?

ஹாயெக்கின் வாதத்துக்குள் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நீடித்துப் பிழைத்த விதியே நல்ல விதி என்றால், வரி பிழைத்திருக்கிறது. ராணுவம், அரசு, மதம் எல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிழைத்திருக்கின்றன. அரசு இல்லாத சமூகங்களை அரசு உள்ளவை விழுங்கியதுதான் வரலாற்றின் பெரும்பகுதி. சந்தை தேர்வாகி வந்தது என்று கொண்டாடுபவர், அரசும் அதே தேர்வில் தேறி வந்ததை என்ன செய்வார்? ஒன்றைப் பரிணாமத்தின் கொடை என்றும் மற்றதை விபத்து என்றும் பிரிக்க அவருக்கு வேறு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பரிணாமத்திலிருந்து வராது. சந்தையின் நெருங்கிய நண்பரான பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானனே தானாக வளர்ந்த விதிகள் நல்லவையாகத்தான் இருக்கும் என்ற ஹாயெக்கின் நம்பிக்கையை ஏற்கவில்லை.

நியாய உணர்வு பற்றிய ஆய்வுகள் சந்தையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருக்கும் ஏதோ ஒன்று தருகின்றன. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்கு ஒரு பங்கு தரச் சொல்கிறார்கள். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம்; மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் மற்றவர்களும் இந்த விளையாட்டை 15 சிறு சமூகங்களில் நடத்தினார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் கொடுக்க முன்வந்தார்கள். இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் 58 சதவீதம், அதாவது தமக்கு வைத்துக்கொண்டதைவிட அதிகம். லமலேராவில் படகேறித் திமிங்கலம் பிடிப்பார்கள். ஈட்டி எறிந்தவர், துடுப்புப் போட்டவர், படகைச் செய்த தச்சர் என்று ஒவ்வொருவருக்கும் உடலின் எந்தத் துண்டு என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அந்த இறைச்சியை மலைக் கிராமத்தாரிடம் கொடுத்துச் சோளம் வாங்குவார்கள்.

மொத்தமாகப் பார்த்தபோது சந்தையோடு அதிகம் புழங்கும் சமூகங்களிலும், கூட்டாக உழைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற சமூகங்களிலும் பங்கு தாராளமாக இருந்தது. சந்தை மனிதனைக் கல்நெஞ்சனாக்கும் என்பவர்களுக்கு இது கடினமான செய்தி, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மனிதன் தன் லாபம் ஒன்றையே கணக்குப் பார்ப்பவன் என்பவர்களுக்கும் இது கடினமான செய்திதான்.

இங்கே மேட் ரிட்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பரிமாற்றத்திலிருந்துதான் நம்பிக்கை வளர்கிறது, அரசு அதை அரித்துவிடுகிறது என்று 1996 முதல் பல நூல்களில் அழகாக வாதிட்டவர் அவர். விலங்கியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 2004 முதல் 2007 வரை நார்தர்ன் ராக் என்ற பிரிட்டிஷ் வங்கியின் தலைவராகவும் இருந்தார். 2007 செப்டம்பரில் அந்த வங்கியின் கிளைகளுக்கு முன்னால் வைப்புத் தொகையாளர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக பிரிட்டன் காணாத காட்சி. வைப்புத் தொகைக்கு அரசு உத்தரவாதம் அளித்த பிறகுதான் வரிசை கலைந்தது; 2008 பிப்ரவரியில் வங்கி அரசுடைமையானது. அவருடைய நூல்களை நான் மதிக்கிறேன். இதை அவருடைய தனிப்பட்ட குறையாகச் சொல்லவில்லை. பரிமாற்றத்தில் பிறக்கும் நம்பிக்கை ஒரே வாரத்தில் வடிந்துபோகக்கூடியது என்பதையும், அன்றைக்கு அதைத் தாங்கிப் பிடித்தது எது என்பதையும் அந்த வரிசை காட்டியது.

உவமை இன்னோர் இடத்திலும் உடைகிறது. இயற்கையில் தோற்றது சாகிறது. சந்தையில் தோற்ற முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் இழந்து தப்புகிறார், வீட்டை இழப்பதில்லை. அதற்குக் காரணம் வரையறுத்த பொறுப்பு என்ற சட்டம். பிரிட்டனில் அது 1855இல் வந்தது. துணிந்து முதல் போடும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது ஒரு நாடாளுமன்றம்.

இடதுசாரிகளும் இந்த ஆசையிலிருந்து தப்பவில்லை. சைபீரியக் குளிரில் விலங்குகள் ஒன்றுக்கொன்று உதவுவதைக் கண்ட ரஷ்ய அராஜகவாதி க்ரொபொட்கின், 1902இல் வெளியிட்ட நூலில் அரசற்ற கூட்டுறவுக்கு இயற்கையைச் சாட்சியாக அழைத்தார். அவர் கண்டது உண்மை. எடுத்த முடிவு அவருடையது. சோவியத் நாட்டில் அரசின் ஆதரவு பெற்ற வேளாண் விஞ்ஞானி லைசென்கோ மரபியலையே மறுத்தபோது நேர்ந்தது இதைவிடக் கொடியது. உலகெங்கும் பயிர் விதைகளைச் சேகரித்த, மரபியலை விட்டுக்கொடுக்காத தாவரவியலாளர் வவிலோவ் 1943இல் சரதோவ் சிறையில் உயிர்விட்டார். கொள்கைக்கு ஏற்றபடி உயிரியலை வளைப்பதில் யாருக்கும் தனியுரிமை இல்லை.

உங்கள் நண்பரிடம் வாதிட நேர்ந்தால், சந்தை கெட்டது என்று தொடங்காதீர்கள். ஹாயெக்கின் 1945ஆம் ஆண்டுக் கட்டுரையை இருவரும் சேர்ந்து படியுங்கள், சில பக்கங்கள்தான். சந்தைக்கு ஆதரவாக எழுதப்பட்டவற்றில் அதைவிட வலுவானதை நான் படித்ததில்லை. அதன் வாதம் முழுக்க அறிவும் விலையும் பற்றியது. மானும் மீனும் இல்லாமலே அது நிற்கிறது. படித்து முடித்த பிறகு, அந்த வாதத்துக்குப் பரிணாமம் புதிதாக எதைச் சேர்க்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.